சர்ஃபேஸ்வியூவா, டெக்ஸ்ச்சர்வியூவா?

ஆண்ட்ராய்டு செயலியில் வரைபடத்தையோ முப்பரிமாண உருவத்தையோ ஓபன்ஜிஎல், வல்கன் போன்ற வரைகலை நிரலிடைமுகங்கள் கொண்டு நாமே வரைகிறோம். அதன் மேல் பொத்தான்கள் வழக்கம்போல் இயங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் திரையில் இடம்பிடிக்கும் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வியூ. சர்ஃபேஸ்வியூ, டெக்ஸ்ச்சர்வியூ என்னும் இரு வியூக்களில் நம் காட்சியை எதில் பொருத்துவது?

சர்ஃபேஸ்வியூவுக்குத் தனிப் பரப்பு உண்டு. அது செயலியின் சாளரத்துக்குப் பின்னால் இருக்கும். சாளரத்தில் அந்த இடம் மட்டும் திறந்துவிடப்படும். இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டுவது சர்ஃபேஸ்ஃபிளிங்கர் என்னும் சிஸ்டம் சேவை. பெரும்பாலும் திரைக்கான வன்பொருளே அடுக்குகளைச் சேர்த்துவிடுவதால் வரைகலைச் சிப்பான ஜிபியுவுக்கு வேலை மிச்சம், பேட்டரியும் மிச்சம்.

2011இல் ஆண்ட்ராய்டு 4.0உடன் வந்த டெக்ஸ்ச்சர்வியூ வேறு வழியில் செல்கிறது. நாம் வரைந்த ஃபிரேம் (ஒரு முழுப் படம்) முதலில் டெக்ஸ்ச்சராகிறது, அதாவது ஜிபியு எடுத்து ஒட்டக்கூடிய படமாகிறது. பிறகு மற்ற வியூக்களோடு சேர்த்து மறுபடி வரையப்படுகிறது. அதனால் சுழற்றலாம், மங்கலாக்கலாம், மூலைகளை வளைக்கலாம். விலை: கூடுதல் நினைவகம், கூடுதல் மின்செலவு, ஒன்று முதல் மூன்று ஃபிரேம் தாமதம். 60 ஹெர்ட்ஸ் திரையில் மூன்று ஃபிரேம் என்பது 50 மில்லிவினாடி. விரலால் கோடு இழுக்கும் செயலியில் கோடு விரலுக்குப் பின்னால் ஓடிவருவது கண்ணுக்கே தெரியும். பதிப்புரிமைப் பாதுகாப்புள்ள வீடியோவுக்கும் டெக்ஸ்ச்சர்வியூ உதவாது.

நகர்த்தினால் சர்ஃபேஸ்வியூவின் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும் என்பது பழைய குற்றச்சாட்டு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் அதன் இடமாற்றம் மற்ற வியூக்களோடு ஒத்திசைந்தே நடக்கிறது. அந்தப் பழைய காரணத்துக்காக இன்றும் டெக்ஸ்ச்சர்வியூவைத் தேர்வது வீண். பட்டியலுக்குள் வளைந்த மூலைகளோடு சிறு காட்சிகள், பாதி ஒளி ஊடுருவும் காட்சி, சுழலும் காட்சி ஆகியவற்றுக்கு மட்டும் அதை எடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சர்ஃபேஸ்வியூதான் என் தேர்வு.

ஓபன்ஜிஎல்லுக்கென ஆண்ட்ராய்டு தரும் ஜிஎல்சர்ஃபேஸ்வியூ தனிப் போட்டியாளர் அல்ல. வரையும் வேலை தனியாக ஓடும் த்ரெட்டை நமக்காக நிர்வகிக்கும் சர்ஃபேஸ்வியூதான்.

பலர் கவனிக்காத சிக்கல் வேறொன்று. வரைபடத்தில் ஓர் இடத்தின் பெயரைச் எழுத்தைக் காட்டும் சாதாரண டெக்ஸ்ட்வியூவாக ஒட்டிவைத்தால், வரைபடத்தை இழுக்கும்போது பெயர் தள்ளாடும். ஏனெனில் ஆண்ட்ராய்டு 7.0 ஒத்திசைத்தது பரப்பின் இடத்தை மட்டுமே. அதற்குள் நாம் வரையும் ஃபிரேம் தன் போக்கில்தான் வந்து சேர்கிறது. டெக்ஸ்ச்சர்வியூவுக்கு மாறினாலும் அதன் தாமதம் அதே தள்ளாட்டத்தைத் தரும். ஐஓஎஸ்ஸில், ஆப்பிளின் வரைகலை நிரலிடைமுகமான மெட்டல் வரையும் பரப்பாகிய சிஏமெட்டல்லேயருக்கு இதற்கென்றே பிரசென்ட்ஸ்வித்டிரான்சாக்‌ஷன் என்ற பண்பு உண்டு. அதை இயக்கினால் மெட்டல் காட்சியும், பொத்தான் முதலான ஐஓஎஸ் உறுப்புகளைத் தரும் யுஐகிட்டின் மாற்றங்களும் ஒரே நேரத்தில் திரைக்கு வரும். ஆண்ட்ராய்டில் எளிய வழி, காட்சியோடு ஒட்டி நகர வேண்டிய பெயர்களையும் குறிகளையும் அந்தக் காட்சிக்குள்ளேயே வரைந்துவிடுவது. நிலையாக நிற்கும் பொத்தான்களை மட்டும் வியூக்களாக விடலாம்.