அடிபட்ட மயிலைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வருபவர்கள் கவனத்துக்கு

அடிபட்டுக் கிடக்கும் காட்டு உயிர் எதையாவது தூக்கிக்கொண்டு தனியார் கால்நடை கிளினிக்குக்கு ஓடுகிறீர்களா? முதலுதவி செய்யச் சொல்லுங்கள், கட்டுப் போடச் சொல்லுங்கள், அதற்கான காசையும் கொடுங்கள். ஆனால் "வெச்சுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம், ஃபாரஸ்ட்டுக்கும் நாங்களே சொல்லிடறோம்" என்றால் மட்டும் கிளம்பி வந்துவிடாதீர்கள். இந்தப் பேச்சை நம்பி நான் 4,500 ரூபாய் கட்டினேன். மயில் செத்துப்போனது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். அவினாசியிலிருந்து திருப்பூர் வரும் வழியில் எங்களுக்கு முன்னால் போன கார் ஓர் ஆண்மயிலை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எங்கள் பக்கம் இது புதிதில்லை. தரிசாகக் கிடக்கிற காடு தோட்டமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி, மயில் எங்கு பார்த்தாலும் திரிகிறது. போட்ட நிலக்கடலையைக் கிளறித் தின்கிறது, தக்காளியைக் கொத்தி வைக்கிறது என்று விவசாயிகள் திட்டாத நாளில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிற ஆள்தான் நானும். அதற்காக ரோட்டில் துடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே போய்விட முடியுமா?

என் மச்சான் துண்டை எடுத்து அதன் தலையில் போர்த்தினான். கண் மறைந்தால் பறவை அடங்கிவிடும். வலது கால் முட்டிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. தோகை முழுசாக இருந்தது. அடித்துச் சொல்வேன், ஏனென்றால் தோகை காருக்குள் அடங்காமல் சீட்டை மடக்கி டிக்கி வரைக்கும் நீட்டி வைத்தோம், அதைப் படமும் எடுத்தோம். அந்தப் படம் பின்னால் ரொம்ப உதவியது.

அந்த நேரத்தில் அரசு கால்நடை மருத்துவமனை திறக்கவில்லை. வனத்துறை அலுவலக போனை யாரும் எடுக்கவில்லை. '24 மணி நேரமும்' என்று போர்டு போட்டு, அதில் நாய், பூனை, பறவை என்று படமும் போட்ட ஒரு கிளினிக் திறந்திருந்தது. டாக்டர் வந்தார், ஒரு ஊசி போட்டார், பஞ்சை வைத்து டேப் சுற்றினார். எக்ஸ்ரே எடுக்கணும், கம்பி வைத்து ஆபரேஷன் பண்ணணும், இரண்டு வாரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். வனத்துறைக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டோம். அதற்குத்தான் மேலே எழுதிய பதில். கூடவே, "மயிலு நம்ம முருகன் வாகனமுங்க, நாங்க விட்டுருவமா?" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் என்ன கேட்பது? ஜிபேயில் முன்பணம் போட்டோம். ரசீது கேட்டதற்கு டிஸ்சார்ஜ் அன்றைக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்கள்.

மத்தியானம் போன் பண்ணினால் "நல்லா இருக்குதுங்கண்ணா, தீனி எடுக்குது". ராத்திரியும் அதே பதில். ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றேன். மறுநாள் காலையில் வாட்ஸப்பில் வந்தது. மயில்தான், நல்ல அழகான மயில். ஆனால் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் பையன் தடுத்துப் பார்த்தான், நாங்கள் நேராகப் பின்பக்கம் போய்விட்டோம். ஜெனரேட்டர் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாய்க் கூண்டுகள். அதில் ஒன்றுக்குள் மயிலைத் திணித்து வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நாய் குரைக்கிறது. மயிலுக்குத் திரும்பக்கூட இடமில்லை, தன் எச்சத்தின் மேலேயே கிடந்தது. முன்னால் ஒரு தட்டில் பாலில் ஊறிய பிரெட், மேலெல்லாம் எறும்பு. பறவைக்குப் பால் செரிக்காது என்பது கால்நடை படித்தவருக்குத் தெரியாதா என்ன? காலில் ஞாயிற்றுக்கிழமை நம் கண் முன்னால் சுற்றின அதே டேப், அதே பஞ்சு. பஞ்சின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. புழு. திறந்த காயத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழுவாகிவிடும்.

அப்புறம்தான் தோகையைப் பார்த்தோம். பாதிதான் இருந்தது. முதுகின் பின்பக்கம் திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது, அதில் சிவப்புப் புள்ளிகள். கேட்டால் "பயத்துல உதுத்துருச்சுங்க" என்றான் பையன். பயந்தால் பறவை இறகு உதிர்ப்பது உண்டுதான். ஆனால் உதிர்ந்த இறகு தானாகப் போய் தினத்தாளில் சுற்றிக்கொண்டு மருந்து அலமாரி மேல் ஏறி உட்காருமா? என் மச்சான் அந்தக் கட்டை இறக்கிப் பிரித்தான். எல்லாம் கண்ணிறகு.

பிறகு அரசு மருத்துவமனை டாக்டரம்மா ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். மயில் வருஷத்துக்கு ஒருமுறை தோகையைத் தானாகவே உதிர்க்கும். அப்படி விழுந்த இறகின் அடிக்காம்பு வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். பிடுங்கினதில் காம்பின் முனையில் சதைத் துணுக்கும் காய்ந்த ரத்தமும் ஒட்டியிருக்கும். அந்தக் கட்டில் அவர்கள் எடுத்துப் பார்த்த இறகிலெல்லாம் ரத்தம். கோயில் வாசலில் மயிலிறகு வாங்குகிறவர்கள் இனிமேல் காம்பை ஒரு தடவை பாருங்கள்.

வனத்துறைக்குச் சொன்னீர்களா என்று அங்கேயே கேட்டோம். சொல்லியாச்சு என்றான். யாரிடம், எந்த நம்பருக்கு? பதில் இல்லை. நான் அங்கிருந்தே மறுபடி போன் போட்டேன், இந்தத் தடவை எடுத்தார்கள். அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்றார் வனவர். ஒரு காவலரோடு அவரே கிளம்பி வந்தார். அதற்குள் கிளினிக் முதலாளியும் வந்து சேர்ந்தார், முதல் வேலையாக எங்களை மிரட்டினார்: "மயிலைப் புடிச்சுட்டு வந்ததே நீங்கதான், கேஸ் வந்தா உங்க மேலதான் வரும்."

இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் வருட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி யானைக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. அதன் 39ஆவது பிரிவின்படி இப்படிப்பட்ட உயிர் உங்கள் கைக்கு வந்தால் அது அரசாங்கச் சொத்து. 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் காப்பாற்றக் கொண்டுபோனவர் பயப்பட ஒன்றுமில்லை என்று வனவர் முதலாளி முன்னாலேயே சொன்னார். சொல்லாமல் கூண்டில் வைத்திருந்ததுதான் சிக்கல். முதலாளி குரல் அதோடு இறங்கிவிட்டது.

அப்போதும் பில்லை விடவில்லை. எக்ஸ்ரே 1,200, ஆபரேஷன் தயாரிப்பு, வார்டு வாடகை, 'சிறப்புத் தீனி' என்று ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். பிரெட்டும் பாலும்தான் அந்தச் சிறப்புத் தீனி. எக்ஸ்ரே பிலிமைக் கொடுங்கள் என்றால் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றார்கள். அந்தப் பில்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர்களே எங்களுக்குக் கொடுத்த சாட்சி அது.

வனவரே போன் போட்டு டாக்டரம்மாவை வரவழைத்தார். டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எலும்பு அசையாமல் இருக்க வைக்கிற தப்பை கூட உள்ளே வைக்கவில்லை என்றார்கள். வெளியே நீட்டிய எலும்பு காய்ந்து கருத்திருந்தது. பறவை எலும்பு நம் எலும்பைவிடச் சீக்கிரம் கூடும், இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிவிடும்; அதனால் முதல் நாள் காயத்தைக் கழுவி, ஈரம் காயாமல் மூடி, நேராக நிறுத்திக் கட்டியிருந்தால் காலை இழந்தாலும் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். இரண்டு நாள் நாய்க் குரைப்பில் கிடந்த பயமே ஒரு பறவையைக் கொல்லப் போதும் என்றும் சொன்னார்கள். புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாள் ராத்திரி போய்விட்டது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து வனத்துறை ஆட்கள் முன்னிலையில் எரித்தார்கள், ஒரு இறகுகூட வெளியே போகாமல்.

எனக்குப் புரிந்தவரை இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் ஒன்றுதான். நாய்க்குச் சொந்தக்காரர் தினமும் வந்து நிற்பார், சண்டை போடுவார். மயிலுக்கும் மரநாய்க்கும் ஆந்தைக்கும் கேட்க ஆளில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர் புண்ணியம் கிடைத்தது என்று காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். செத்தால் "காப்பாத்த முடியலைங்க" என்று ஒரு போன். அவ்வளவுதான். காட்டு உயிருக்கு ஒரு பைசா வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற தனியார் டாக்டர்களையும் எனக்குத் தெரியும்; அவர்கள் யாரும் வனத்துறைக்குப் போன் போடாமல் கூண்டில் வைக்கமாட்டார்கள். ஆளை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆகவே முதலில் நீங்களே போன் போடுங்கள். எடுக்கவில்லையா, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக ஆடு மாட்டுக்கானது, அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பறவையென்றால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, உள்ளே துணி, இருட்டு, அமைதி. வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கிளினிக்கில் ஒப்படைத்தால் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்குங்கள், டாக்டரின் பதிவு எண்ணோடு. உயிரின் முழு உடம்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாலையும் இறகையும் சேர்த்து.

வனச்சரக அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறோம். மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் அனுப்பியாகிவிட்டது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக நேற்று ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணை நடப்பதால் கிளினிக் பெயரை இங்கே போடவில்லை. திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் யாராவது இதுபோல் அடிபட்ட பறவையையோ விலங்கையோ ஒரு கிளினிக்கில் விட்டு, பிறகு "செத்துருச்சுங்க" என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தால், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பழைய சம்பவமாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.