விமானத்தில் காது வலிக்கு இயர் பிளக்: 3 ஆண்டு அனுபவம்

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் மகளின் பிரசவத்துக்காக அடுத்த வாரம் துபாய் போகிறார். இதுதான் முதல் விமானப் பயணம். "தம்பி, நீ காதில் ஏதோ வைத்துக்கொண்டு போவாயாமே, எனக்கும் ஒன்று வாங்கித் தருகிறாயா?" என்று கேட்டார். போன மாதம் வரை கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். 3 ஆண்டுகளாகப் பெங்களூரிலிருந்து துபாய்க்கும் மும்பைக்கும் போய் வருகிறேன். என் வலது காது பிறவியிலேயே சங்கடம் பிடித்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ் இறங்கும்போதே அடைத்துக்கொள்ளும். தொப்பூர் கணவாயிலும் அப்படித்தான். முதல் தடவை துபாயில் தரையிறங்கியபோது ஊசியை உள்ளே விட்டுத் திருகுவதுபோல் வலித்தது. பக்கத்தில் இருந்தவர் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

மருந்துக்கடையில் கேட்டால் உருட்டிச் செருகும் பஞ்சு இயர் பிளக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது இரைச்சலுக்கு. விமானத்துக்கென்று வருவது சிலிக்கோன் ரப்பரால் ஆனது, நடுவில் ஒரு சிறு பீங்கான் வடிகட்டி இருக்கும். வெளியே மாறும் காற்றழுத்தம் அந்த வடிகட்டி வழியாக மெல்ல மெல்லத்தான் செவிப்பறையை எட்டும். காது பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். செருகுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காதின் நுனியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, வலது கையால் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்துவிட்டால் என்ஜின் சத்தம் சட்டென்று தூரப் போய்விடும், நாம் எச்சில் விழுங்குவது நமக்கே பெரிதாகக் கேட்கும்.

வேலை செய்ததா என்றால், செய்தது. ஊசிக் குத்தல் போய் வெறும் கனமாக மாறியது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல்தான். கடுகளவு எழுத்து, முழுக்க ஆங்கிலம். தரையிறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே செருகிக்கொண்டு, விமானத்தின் கதவு திறக்கும் வரை எடுக்கக் கூடாது என்ற முக்கியமான வரி அதன் அடியில் கிடக்கிறது. விமானம் இறங்கத் தொடங்குவதோ தரைதொட அரை மணி நேரத்துக்கு முன்பே. இருக்கைப் பட்டி போடச் சொல்லி அறிவிப்பு வரும்போது பாதி இறங்கியிருப்போம். வலி வந்தபின் செருகிப் பயனில்லை. இரண்டு பயணங்களை இப்படியே வீணாக்கினேன்.

அதே காகிதத்தில் சளி பற்றியும் ஒரு வரி இருக்கிறது. போன மாதம் மூக்கடைப்போடு போனேன், பிளக் இருக்கிறதே என்ற தைரியத்தில். துபாயில் அடைத்த காது 9 நாள் திறக்கவில்லை. ஊருக்கு வந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். செவிப்பறை சிவந்து உள்வாங்கியிருந்தது. நடுக்காதுக்கும் மூக்கின் பின்புறத்துக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே நுழையாது. நாம் விழுங்கினால், கொட்டாவி விட்டால்தான் குழாய் திறக்கும். சளியால் வீங்கிய குழாயை எந்த பிளக்கும் திறக்காது. இதைப் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் புரிந்தது. உயரத்தில் பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். பெங்களூரே 3,000 அடியில் இருக்கிறது, துபாய் கடல்மட்டத்தில். அதனால்தான் திரும்பி வரும்போது பொறுத்துக்கொள்ளும் காது, அங்கே போய் இறங்கும்போது அலறுகிறது. என் காதுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீணாகப் பயந்திருந்தேன்.

ஒரு ஜோடி போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அவ்வளவுதான். பிறகு புதிதாக வாங்க வேண்டும். இத்தனை நாள் கணக்குப் பார்க்காமல் வாங்கினேன். இனி வாங்கப் போவதில்லை.

அக்காவிடமும் வேண்டாம் என்றே சொன்னேன். அந்தக் காகிதத்தை அவரால் படிக்க முடியாது, எப்போது செருகுவது என்று பக்கத்தில் இருந்து சொல்லவும் ஆள் இல்லை. இஞ்சி மிட்டாய் ஒரு பொட்டலம் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும் நேரம் முழுக்கச் சப்பி விழுங்கிக்கொண்டே இருங்கள், அதற்குள் சளி பிடித்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஏறாதீர்கள் என்றேன். இரவு விமானம் என்றார். இறங்கும்போது தூங்கினால் விழுங்குவது குறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே எழுப்பிவிடச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் காட்டுவதற்கு, ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.