இசை கேட்க மெகா டிரைவ்: முதல் மாடலையே வாங்குங்கள், அதிலும் பார்த்து வாங்குங்கள்

செகா நிறுவனத்தின் வீடியோ கேம் கன்சோலான மெகா டிரைவின் முதல் மாடலில் முன்பக்கம் ஒரு ஹெட்போன் துளை இருக்கும். அதற்கான வால்யூம் ஸ்லைடர் மேலே இடப்பக்கம். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டுக்காகத்தான் இசைப் பிரியர்கள் இந்தக் கன்சோலைத் தேடுகிறார்கள். பின்னால் உள்ள ஏவி சாக்கெட்டில் வருவது மோனோ ஒலி மட்டும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன் துளைதான் வழி. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிளை ஆம்ப்ளிஃபையரின் லைன் இன்னில் செருகுங்கள். ஸ்லைடரைப் பாதியில் வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஒலி சிதறத் தொடங்கும் இடம் தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கினால் போதும்.

1988இல் ஜப்பானில் வெளிவந்த இந்தப் பெட்டிக்குள் இரண்டு ஒலி மூலங்கள். ஒன்று யமஹாவின் ஒய்எம்2612: 6 எஃப்எம் சேனல்கள், ஒவ்வொன்றிலும் 4 ஆபரேட்டர்கள், அதாவது சைன் அலை உருவாக்கிகள். ஒரு சைன் அலை இன்னொன்றை உலுக்க, அதிலிருந்து புது நாதம் பிறப்பதுதான் எஃப்எம் முறை. யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டில் 6 ஆபரேட்டர்கள் இருந்தன, இங்கே நான்குதான். அந்தக் குறைவே இதற்குத் தனிக்குரல் தந்துவிட்டது: உலோகம் உரசுவது போன்ற பேஸ், கூர்மையான பித்தளை ஊதுகருவி ஒலி. இன்னொன்று பிஎஸ்ஜி எனும் எளிய ஒலியாக்கி: மூன்று சதுர அலைகள், ஒரு இரைச்சல் சேனல். எஃப்எம் சேனல்களை இடம், வலம், இரண்டும் என்று மூன்று நிலைகளில் மட்டுமே வைக்க முடியும்; இடைநிலை கிடையாது. பிஎஸ்ஜி எப்போதும் நடுவில். ஹெட்போனில் கேட்டால் இந்த அமைப்பு கண்ணால் பார்ப்பது போலத் தெளிவாகப் பிரியும்.

எதைக் கேட்பது? யூசோ கோஷிரோ இசையமைத்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2 (1992) விளையாட்டு முதலில். என்இசி பிசி-88 கணினியில், தாமே மாற்றியமைத்த நிரல்மொழியில் அவர் ஸ்வரங்களை எழுதினார். கிளப் நடன இசையின் அடித்தாளம் இந்தச் சிப்பில் இவ்வளவு கனமாக விழும் என்பது இன்றும் வியப்புதான். அடுத்து டெக்னோசாஃப்டின் தண்டர் ஃபோர்ஸ் IV. கிட்டார் ஒலிக்கு எஃப்எம்மை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று அதில் தெரியும். பல கேசட்டுகளில் ஆப்ஷன்ஸ் பகுதியிலேயே சவுண்ட் டெஸ்ட் இருப்பதால் விளையாடாமலே பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம்.

பதிவு செய்த டிரம், குரல் போன்றவற்றுக்கு ஆறாவது எஃப்எம் சேனலை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஒலித்துண்டுகளை இசட்80 பிராசசர் ஒவ்வொரு பைட்டாகச் சிப்புக்குத் தள்ளுகிறது. திரைக்கான தரவு டிஎம்ஏ எனும் நேரடி நினைவகப் பரிமாற்ற வழியாகப் பாயும்போது இசட்80 காத்திருக்க நேர்ந்தால் டிரம் ஒலி கரகரக்கும். இதைப் பழுதென்று நினைத்துக் கெபாசிட்டர் மாற்றுபவர்கள் உண்டு. அது வீண் வேலை.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதல் மாடல்கள் எல்லாம் ஒன்றல்ல. உள்ளே சர்க்யூட் போர்டில் விஏ என்ற எழுத்துகளோடு பதிப்பு எண் அச்சாகியிருக்கும். விஏ6 வரை ஒலிச் சுற்று சிறப்பானது. சோனியின் சிஎக்ஸ்ஏ1034 ஹெட்போன் ஆம்ப் அதில் உண்டு. விஏ7இல் சுற்றை மாற்றிவிட்டார்கள், தரம் சரிந்தது. கழற்றாமல் கண்டுபிடிக்க ஒரு வழி: ஸ்விட்ச் போட்டதும் செகாவின் உரிமம் பற்றிய வாசகம் திரையில் வந்தால் அது விஏ6 அல்லது அதற்குப் பிந்தையது, வராவிட்டால் கவலையின்றி வாங்கலாம். வந்தால், திறந்து போர்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாம் மாடலில் ஹெட்போன் துளையே இல்லை, பின்னால் ஸ்டீரியோ உண்டு. ஆனால் பெரும்பாலான பதிப்புகளில் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போன்ற மந்தமான ஒலி.

பழைய ஒய்எம்2612இல் ஒரு பிறவிக் குறை உண்டு. மிகச் சன்னமான ஒலிகள் அதன் டிஏசியில் (எண்களை ஒலி அலையாக மாற்றும் பகுதி) சற்றுச் சிதைந்து, இருக்க வேண்டியதைவிடப் பெரிதாகக் கேட்கும். ஸ்வரம் தேய்ந்து மறையும் இடத்தில் ஒரு சொரசொரப்பு வரும். பிந்தைய ஒய்எம்3438இல் இது கிட்டத்தட்ட இல்லை. அன்றைய இசையமைப்பாளர்கள் இந்தச் சொரசொரப்பைக் கேட்டபடிதான் அளவுகளை வைத்தார்கள். அதனால் எங்கள் ஓட்டு பழைய சிப்புக்கே.

அடாப்டரில் அசட்டை வேண்டாம். முதல் மாடலுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பாசிட்டிவ். அமெரிக்க நின்டெண்டோ என்இஎஸ் கன்சோலின் அடாப்டர் முதல் மாடலில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது தருவது ஏசி மின்சாரம், செருகினால் போர்டுக்கே ஆபத்து.

ஸ்லைடரை நகர்த்தும்போது கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் கொஞ்சம் அடித்து, இருபது முப்பது முறை முன்னும் பின்னும் ஓட்டினால் பெரும்பாலும் தீரும். ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் ஹெட்போன் துளையின் கால்களில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். பிளக்கை லேசாக அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மறுபடி ஈயம் வைத்தால் சரியாகும்.

கடைசியாக, எந்த நாட்டுப் பெட்டி என்பது. ஐரோப்பிய பால் (PAL எனும் டிவி முறைக்கான) பெட்டி 50 ஹெர்ட்ஸில் ஓடும். இசை நிரல்கள் பல திரை புதுப்பிக்கும் கணக்கை ஒட்டியே நடப்பதால், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிமிடத்துக்கு 150 அடி போகும் பாட்டு இதில் 125 அடிதான் போகும். சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்க, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்துவிடும். 1991இன் சோனிக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். சோனிக் 2இல் பால் பெட்டிக்கென்று வேகத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். பால் பெட்டிதான் கிடைத்தது என்றால், போர்டிலுள்ள ஜம்பர் எனும் சிறு இணைப்பைத் துண்டித்து 50/60 ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.