பழைய சீப் மாண்டலின் எடுக்கலாமா? ஒண்ணை சரி பண்ணி வாசிச்சுப் பாத்துட்டு சொல்றேன்

லேபிள் கிடையாது, பேர் கிடையாது, வாங்கும்போது வாசிக்கவே முடியாத நிலைமைல இருந்த ஒரு பழைய ஏ ஸ்டைல் (கண்ணீர்த்துளி வடிவ உடம்பு) மாண்டலின், இப்போ தினமும் வாசிக்கிறேன். இதே மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டு எடுக்கலாமா வேணாமான்னு முழிச்சிட்டு இருக்கிறவங்களுக்காக இந்த ரிவ்யூ. அஞ்சுக்கு மார்க் போடணும்னா சவுண்டுக்கு மூணரை, மரவேலைக்கு மூணு, கம்பியை முறுக்குற டியூனிங் கீக்கு ஒண்ணு, அதுவும் பாவப்பட்டுதான்.

இந்த ரகமெல்லாம் போன நூற்றாண்டுல அமெரிக்க ஃபேக்டரிகள்ல மொத்தமா பண்ணித் தள்ளினது. சிகாகோல 1892ல ஆரம்பிச்ச ஹார்மனி கம்பெனியை 1916ல சியர்ஸ்ங்கிற தபால் வியாபார கம்பெனி வாங்குச்சு, கேட்டலாக் பாத்து ஆர்டர் பண்ணா தபால்ல வீட்டுக்கு வந்துரும். விலை குறைக்கணும்னு டாப்பை (மேல் பலகையை) செதுக்காம அழுத்தி வளைச்சிருப்பாங்க, சிலதுல பிளைவுட்டே இருக்கும். விக்கிறவர் விண்டேஜ் விண்டேஜ்னு நூறு தடவை சொல்வார், அதுக்காக உசத்தியான கிப்சன் கம்பெனி மாண்டலின் சவுண்டு வரும்னு நினைச்சுராதீங்க.

முதல்ல நெக் (விரல் ஓடுற கழுத்து) கோணத்தைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை) மேல படுக்க வெச்சு, கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் வரைக்கும் நீட்டுங்க, முனை பிரிட்ஜோட தலைக்குப் பக்கத்துல வந்தா நிம்மதி, ரொம்ப கீழ போய் இடிச்சா நெக் முன்னாடி சாஞ்சிருச்சு. நாலு ஜோடியா இருக்கிற எட்டு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து 70 கிலோ சுமாருக்கு இழுக்குது, வருஷக்கணக்கா முழு ஸ்ருதியில வெச்சு மூலையில போட்டா நெக் என்னதான் பண்ணும், அதுலயும் இந்த சீப் மாடல்கள்ல பலதுக்கு உள்ள அட்ஜஸ்ட் பண்ற ட்ரஸ் ராடே (நெக் வளையாம தாங்குற இரும்புக் கம்பி) கிடையாது. நெக்கை ஆவி காட்டி கழட்டி திருப்பி ஒட்டலாம், தெரிஞ்சவங்க பண்றாங்க, ஆனா அந்தக் கூலி பல நேரம் மாண்டலின் விலையையே தாண்டிரும். அதனால பிரிட்ஜை முழுசா இறக்கியும் கம்பி ரொம்ப உயரத்துல நிக்குதுன்னா பேசாம கீழ வெச்சிட்டு வந்துருங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

டாப்ல வெடிப்பு இருந்தா பயப்பட வேணாம். விரல் முட்டியால சுத்தி தட்டிப் பாருங்க, எங்கயாவது கடகடன்னு சத்தம் வந்தா உள்ள டாப்பைத் தாங்குற பிரேஸ் குச்சி ஒட்டு விட்டிருக்கு, சின்ன கண்ணாடியும் மொபைல் டார்ச்சும் வெச்சு ஓட்டை வழியா பாத்தா தெரிஞ்சிரும். எனக்கு வந்ததுல ஒரு பக்கம் ஓரம் பிரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். ஒட்டுறதுக்கு வஜ்ரப் பசைதான் சரி, சூடும் ஈரமும் காட்டினா பின்னாடி யாராவது திருப்பி கழட்டலாம், எபாக்சி போட்டா அந்த வழியே அடைஞ்சு போச்சு.

டியூனிங் கீ பத்தி சொல்லியே ஆகணும். நாலு நாலா ஒரே தகட்டுல இருக்கும், பட்டன் எல்லாம் பழைய பிளாஸ்டிக், தொட்டா பொடியா உதிருது. பல்லுல இருந்த அழுக்கை பிரஷ்ல எடுத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன், சுத்துச்சு, ஆனா ஜோடி கம்பி ரெண்டும் ஒரே ஸ்ருதில பத்து நிமிஷம் கூட நிக்கல, கடைசில புதுசுதான் மாட்டினேன். புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கம்பி சுத்துற தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்துக்கோங்க, பழையதோட இடைவெளி புது செட்டுக்கு ஒத்துவரணும்னு அவசியம் இல்ல.

பிரிட்ஜ் ஒட்டினது கிடையாது, கம்பி அழுத்துறதுலதான் நிக்குது, அதனால எல்லா கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டினா இடம் போயிரும், முதல்ல டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கோங்க. பிரிட்ஜ் கால் டாப்போட வளைவுக்கு உக்காரலைன்னா சவுண்டு செத்துரும், உப்புத்தாளை டாப் மேல விரிச்சு காலை அதுமேலயே தேச்சு தேச்சு வெளிச்சம் புகாத வரைக்கும் கொண்டு வரணும், பொறுமை வேணும் ஆனா இவ்ளோ பலன் கொடுத்த வேலை வேற எதுவும் இல்ல. அப்புறம் 12வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (கம்பியை அமுக்காம லேசா தொட்டு மீட்டுற ஸ்வரம்) அமுக்கின ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அமுக்கினது ஏறி கேட்டா பிரிட்ஜை, கம்பியோட அடிமுனை மாட்டியிருக்கிற டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்க. முதல் ஃப்ரெட்ல மட்டும் ஸ்ருதி ஏறுதுன்னா நட்டுல (நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற கட்டை) பள்ளம் ஆழம் பத்தலைன்னு அர்த்தம். ஃபிங்கர்போர்டு துடைக்கும்போது துணில கறுப்பு வந்தா பதறாதீங்க, கருங்காலி மாதிரி தெரியட்டும்னு சாதா மரத்துக்கு சாயம் பூசியிருக்காங்க. பாலிஷை சுரண்டி புதுசா அடிக்கிற ஆசையை மட்டும் அடக்கிக்கோங்க, துடைச்சா போதும்.

சவுண்டு? டி, ஏ கம்பி ரெண்டும் அருமை, மரவாசனையோட வருது, ஜி கொஞ்சம் பேப்பர் சத்தம், ஈ மேல போகப் போக மெலிஞ்சிருது. நாதம் சீக்கிரம் அடங்கிரும், அதனால மெதுவான பாட்டுக்கு ட்ரெமோலோ (ஒரே ஸ்வரத்தை விடாம வேகமா மீட்டுறது) இல்லாம முடியாது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சார் கர்நாடக சங்கீதம் வாசிச்சதைக் கேட்டுட்டு அந்த கமகம் வரும்னு இதை வாங்காதீங்க, அவர் வெச்சிருந்தது எலக்ட்ரிக், ஒத்தை ஒத்தையா 5 கம்பி, இதுல ஜோடியா இருக்கிற ரெண்டையும் ஒரே அளவுக்கு இழுக்கிறதே பெரும்பாடு. ரிதம் அடிக்க, மெலடி பழக, சும்மா கூட வெச்சுக்க தாராளமா எடுக்கலாம்.

கம்பி லைட் செட்தான் போடணும், ஈ கம்பி 010 (0.010 இஞ்ச் தடிமன்) இருந்தா சரி. உருண்டை முதுகு வெச்ச பழைய இத்தாலியன் டைப் கிடைச்சா அதைவிட மெல்லிசு கம்பி போடுங்க, அதோட டாப் இந்த அளவுக்கு தாங்காது. ரெண்டு ஸ்வரம் கம்மியா வெச்சு ஒரு ராத்திரி விட்டு, நெக்கும் டாப்பும் அசையலைன்னு பாத்துட்டு மெதுவா ஏத்துங்க.