குதிரையைத் தயார் செய்வதில் எது கெட்டி: உமாமுஸுமேயா, டெர்பி ஸ்டாலியனா?

மொரீஷியஸின் ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடலில் விடியற்காலை கேலப் (குதிரைகளின் வேக ஓட்டப் பயிற்சி) பார்த்துப் பழகியவர்கள் குதிரைப் பந்தய கேம் ஒன்றைத் திறந்தால், ரேஸைவிட டிரெய்னிங் பக்கத்தைத்தான் முதலில் தேடுவார்கள். குதிரைக்கு ஃபிட்னஸ் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது? அங்கே கோட்டை விட்டால் கிராஃபிக்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் வீண். இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து இரண்டு ஜப்பானிய கேம்களை உரசிப் பார்க்கிறேன். உமாமுஸுமே 2021இல் ஜப்பானில் வெளியானது, 2025 ஜூனில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. டெர்பி ஸ்டாலியன் 1991இலிருந்து வரும் பழைய தொடர்; இங்கே பேசுவது 2020 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பதிப்பைப் பற்றி.

உமாமுஸுமேயில் ஓடுவது குதிரையே இல்லை. நிஜக் குதிரைகளின் பெயரைத் தாங்கிய, குதிரைக் காதும் வாலும் வைத்த பெண்கள். இதென்ன கூத்து என்று மூடிவிடாதீர்கள், உள்ளே கணக்கு கறாராக இருக்கிறது. அரை மாதம் ஒரு சுற்று. வேகம், தாக்குப்பிடிப்பு, வலு, மனவுறுதி, மதிநுட்பம் என்ற ஐந்தில் ஒன்றைப் பயிற்றலாம், அல்லது ஓய்வு கொடுக்கலாம், அல்லது ரேஸில் இறக்கலாம். முதல் நான்கும் நூறு உள்ள தெம்புக் கோட்டில் ஏறக்குறைய இருபதைத் தின்னும். மதிநுட்பம் மட்டும் ஐந்தைத் திருப்பித் தரும். தெம்பு பாதிக்குக் கீழே போகப் போக, பயிற்சி சொதப்புவதற்கான சதவீதம் பட்டனிலேயே தெரியும். சொதப்பினால் மனநிலை சரியும், சேர்த்த புள்ளியும் குறையும்.

இதில் எனக்குப் பிடித்தது ஓய்வை வைத்திருக்கும் விதம். ஓய்வு கொடுத்தால் திரும்ப வருவது 30 ஆகவும் இருக்கலாம், 50 அல்லது 70 ஆகவும் இருக்கலாம். நம் கையில் இல்லை. லாயத்தில் பத்து நாள் சும்மா நின்றும் தெளியாத குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது பொய்யாகத் தோன்றாது. இரண்டாம், மூன்றாம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கோடை முகாம் வரும். அப்போது எல்லாப் பயிற்சியும் உச்ச மட்டத்தில் இருக்கும். ஜூன் கடைசியில் தெம்பைச் சேர்த்து வைக்காமல் முகாமுக்குப் போனால், பயிற்சி கொழிக்கும் நான்கு சுற்றில் ஒன்றிரண்டு ஓய்விலேயே போய்விடும். மொத்த ஆட்டத்திலும் டிரெய்னர் மாதிரி யோசிக்க வைக்கும் இடம் இதுதான்.

டெர்பி ஸ்டாலியனில் தெம்புக் கோடு என்று ஒன்று கிடையாது. திரையில் இருப்பது குதிரையின் எடை, கிலோவில். அப்புறம் லாயத்துக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எந்தத் தடத்தில் ஓட்டுவது என்று பாருங்கள்: புல், மண், மரச்சில்லு, ஏற்றம். எவ்வளவு அழுத்துவது என்றும் பாருங்கள்: அதன் போக்கில் விடலாம், கொஞ்சம் தூண்டலாம், முழு மூச்சாக விரட்டலாம். தனியாகவா, ஜோடி சேர்த்தா என்பதும் உங்கள் முடிவு. சும்மா விட்டால் உடம்பு போட்டு ரேஸுக்குக் கனமாக வரும். விரட்டினால் எடை இறங்கும், கூடவே களைப்பும் ஏறும். தீனி சரியாகத் தின்னாத குதிரையென்றால் ஒரே கேலப்பில் வற்றிப்போகும். களைப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது அது முன்னங்கால் தசைநாண் காயமாக இருக்கும். அதோடு மாதக்கணக்கில் லாயத்தில் நிற்க வேண்டியதுதான், சில சமயம் ஓட்டமே முடிந்துவிடும்.

ஏற்றப் பயிற்சி கேமுக்காகச் சேர்த்த கற்பனை இல்லை. ஜப்பானின் ரித்தோ குதிரைப் பயிற்சி மையத்தில் 1985இல் ஏற்றத் தடம் வந்தது. அதில் திரும்பத் திரும்ப ஏற்றியே தயாரான மிஹோனோ பூர்போன் 1992இல் ஜப்பானிய டெர்பியை ஜெயித்தது. அதே பெயர் உமாமுஸுமேயிலும் ஒரு பாத்திரமாக வருகிறது என்பது வேறு விஷயம்.

நிஜத்தோடு ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30, 40 இதயத்துடிப்பு. முழு கேலப்பில் 220ஐத் தாண்டும். டிரெய்னர் பார்ப்பது அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, மூச்சு வாங்கி விலா அடிப்பது எப்போது நிற்கிறது என்பதைத்தான். மூச்சும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும், எலும்பு கெட்டிப்பட மேலும் காலம் வேண்டும். பார்வைக்குத் தயாராகத் தெரியும் இளங்குதிரைக்கு முன்காலில் வலி வருவது இதனால்தான். உமாமுஸுமே இது எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடக்கிவிடுகிறது. டெர்பி ஸ்டாலியனும் எலும்பைத் தனியாகக் காட்டுவதில்லை, ஆனால் மறைத்து வைப்பதால் நீங்களே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. டிரெய்னர் வேலையில் பாதி அந்தச் சந்தேகம்தானே.

ரேஸையே பயிற்சியாக்குவதிலும் பழைய கேம்தான் முந்துகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கே புதிதாக வந்த குதிரையைப் பார்த்து, “தம்பி, ஒரு ரேஸ் ஓடட்டும், அப்புறம் பணம் போடு” என்று வேலியோரப் பெரியவர்கள் சொல்வார்களே, டெர்பி ஸ்டாலியனில் அது அப்படியே நடக்கும். ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்தில் மந்தம், அடுத்ததில் வேறு குதிரை. உமாமுஸுமேயில் ரேஸ் ஓடினால் முக்கியமாகக் கிடைப்பது திறன் புள்ளியும் ரசிகர் எண்ணிக்கையும்; தொடர்ந்து மூன்று ஓட்டினால் மனநிலை கெடும் அபாயமும் சேரும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய டெர்பியும் ஷாம் தெ மார்ஸில் நடக்கும் நம் மெய்டன் கப் பந்தயமும் 2400 மீட்டர்தான். ஆனால் டோக்கியோவில் கடைசி நேர்தடம் 525 மீட்டருக்கு மேல். ஷாம் தெ மார்ஸில் 225 மீட்டர் சுமார். பின்னால் வைத்திருந்து கடைசியில் விடும் குதிரையை அங்கே தயார் செய்து ஜெயித்துப் பழகிவிட்டு, அதே கண்ணோடு சனிக்கிழமை இங்கே வந்து நிற்காதீர்கள்.

ரைவல் ஸ்டார்ஸ் என்ற குதிரைப் பந்தய கேமும் இருக்கிறதே என்பார்கள். ஏறி ஓட்டவும் குட்டி வளர்க்கவும் அழகான கேம், ஃபிட்னஸ் பேச்சுக்கு அதில் சரக்கு குறைவு.

கியூர்பிப்பிலிருந்து மெட்ரோவில் வரும் நேரத்தில் ஆட உமாமுஸுமே போதும், இலவசம் வேறு. ஆனால் அதில் பயிற்சியின் பலன் உங்கள் முடிவைவிடக் பயிற்சிக்குத் துணையாகச் சேர்க்கும் அட்டைகளைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது, அந்த அட்டைகள் குலுக்கலில் வருபவை. எனக்கு அது உறுத்துகிறது. ஆகவே என் ஓட்டு டெர்பி ஸ்டாலியனுக்கு. முழுக்க ஜப்பானிய மொழிதான். இருந்தாலும் டிரெய்னிங் பக்கத்தில் வருவது திரும்பத் திரும்ப ஒரே சில சொற்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வண்டி ஓடும். லாயத்துக்காரர் பேச்சுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேமராவைத் தூக்கத்தான் வேண்டும், அதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள்.