பேட் பன்னியா, நடாலியா லஃபோர்கேடா?

லத்தீன் இசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு ஆல்பங்கள்.

புவேர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘தெபீ திரார் மாஸ் ஃபோட்டோஸ்’ முதலாவது. அட்டையில் வாழைமரங்களுக்கு முன்னால் இரண்டு காலி பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரை விட்டுப் போனவர்களின் ஞாபகம் அதிலேயே வந்துவிடுகிறது. இன்றைய ராப் கலந்த லத்தீன் நடன இசையான ரெகேட்டானுக்கு நடுவே, புவேர்ட்டோ ரிக்கோவின் பழைய நாட்டுப்புற இசையான பிளேனாவின் தாளம் புகுந்து அடிக்கிறது. பிளேனாவின் கைப்பறையான பந்தெரெட்டா, சலங்கை இல்லாத கஞ்சிரா மாதிரி. மூன்று அளவுகளில் இருக்கும். பெரியவை தாளத்தைப் பிடிக்க, சிறியது அதன் மேல் விளையாடும். சல்சா என்ற கரீபிய நடன இசையில் அமைந்த பாட்டுக்கு வாசித்தவர்கள் தலைநகர் சான் ஹுவானின் இசைப் பள்ளி மாணவர்கள். வெளியாட்கள் நிலத்தைப் பிடிக்க உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கப்பட்ட ஹவாயின் கதி தன் தீவுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்று ஒரு பாட்டில் நேராகவே பாடுகிறார். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

மெக்சிகோவின் நடாலியா லஃபோர்கேட் 2020-இல் தந்த ‘உன் கான்டோ போர் மெஹிகோ’ சாவகாசமானது. 2017 நிலநடுக்கத்தில் சேதமடைந்த, வெராகுரூஸ் மாநிலத்தின் நாட்டுப்புற இசையான சோன் ஹரோச்சோவுக்கான மையத்தைத் திரும்பக் கட்ட நிதி திரட்டவே அது உருவானது. சோன் ஹரோச்சோவில் ஸ்பானிய, ஆப்பிரிக்க, பூர்வகுடி இசை மூன்றும் கலந்திருக்கும்.

மரபைப் பொறுமையாகக் கேட்க நடாலியாதான். ஆனாலும் என் ஓட்டு பேட் பன்னிக்கு. ரெகேட்டான் கேட்க வந்த பிள்ளைகளின் காதில் தாத்தா காலத்துத் தாளத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.