முகத்துக்கும் மூக்குத்திக்கும் ஒரே லென்ஸ்

கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று சிங்கப்பூரில் சொந்தக்காரர், நண்பர் வீட்டு விசேஷங்களைப் படம் எடுக்கிறேன். சில வருடங்களாகவே என் கேமராவில் அதிகம் இருப்பது கேனன் ஆர்எஃப் 85மிமீ எஃப்/2 மேக்ரோ ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸ். போர்ட்ரெய்ட்டுக்கு (ஆளைப் படம் எடுக்க) ஒன்று, மேக்ரோவுக்கு (சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்க) ஒன்று என இரண்டு வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மனிதர்கள்தான் முக்கியம், நகையும் பூவும் அடுத்தது என்றால் இது ஒன்றே போதும். பூச்சிகள்தான் உங்கள் ஆசை என்றால் இதை வாங்காதீர்கள்.

சாதாரண 85மிமீ லென்ஸ் நம்மைக் கிட்டே போக விடாது. பழைய இஎஃப் 85மிமீ எஃப்/1.8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 85 செ.மீ.க்கு உள்ளே அது ஃபோகஸ் ஆகாது, உருப்பெருக்கம், அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் விழும் உருவம், பொருளின் 0.13 மடங்குதான். முழு முகமும் வந்துவிடும், மூக்குத்தி ஒரு புள்ளியாக நிற்கும். இந்த மேக்ரோ 35 செ.மீ. வரை நெருங்கி, பொருளின் பாதி அளவைச் சென்சாரில் விழவைக்கிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 72க்கு 48 மி.மீ. பரப்பு படம் முழுவதையும் நிறைக்கும். ஒரு ஜிமிக்கி, மருதாணி வைத்த விரல்கள், மெட்டி எல்லாம் இதற்குள் அடங்கும். “தம்பி, தாலியை மட்டும் கிட்டக்க ஒண்ணு எடுத்துடுங்க” என்று பெண்ணின் அம்மா கேட்டால், லென்ஸ் மாற்றாமல் அப்படியே குனிந்து எடுத்துவிடலாம்.

ஆனால் லென்ஸின் துவாரம் முழுதாகத் திறக்கும் எஃப்/2-லேயே வைத்து எடுக்காதீர்கள். அந்த நெருக்கத்தில் தெளிவு விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஜிமிக்கியின் ஒரு முத்து பளிச்சென்று இருக்கும், அடுத்த முத்து கரைந்துபோகும். துவாரத்தைச் சுருக்கி எஃப்/8-க்குப் போனால் ஏறக்குறைய 3 மி.மீ. கிடைக்கும். இன்னொன்று, ஐஎஸ் என்ற லென்ஸின் அசைவுத் தடுப்பு கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். நம் உடம்பு முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்காது. அதனால் முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டு, தொடர்ச்சியாக நாலைந்து படம் தட்டி, நல்லதை வைத்துக்கொள்கிறேன்.

ஃபோகஸ் வேகம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மேக்ரோ லென்ஸில் ஃபோகஸ் ஓட வேண்டிய தூரமே அதிகம். குறி தவறினால் கிட்டத்திலிருந்து தூரம்வரை ஒரு சுற்று போய்த்தான் திரும்பும். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அதற்கு இடம் கொடுக்க முடியாது. பக்கவாட்டில், ஃபோகஸ் ஓடும் தூரத்தைக் கட்டுப்படுத்த இருக்கும் லிமிட்டர் சுவிட்சை 0.5 மீட்டரிலிருந்து முடிவிலிவரை என்று வைத்துவிடுங்கள், அலைச்சல் வெகுவாகக் குறையும். எஃப்/2.8 மேக்ரோவைவிட இது இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும் என்பதும் மண்டபத்துக்குள் பெரிய உதவி. ஓடித் திரியும் குழந்தைகளுக்கு மட்டும் நான் இதை நம்புவதில்லை.

100மிமீ மேக்ரோ ஏன் இல்லை? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் நின்று பார்த்தால் புரியும். சோபா, டிவி, பூஜை அலமாரி போக மிச்சமிருக்கும் இடத்தில் 100மிமீ வைத்து இடுப்புவரை எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 1.6 மடங்கு கணக்கில் இந்த 85-ஏ 136மிமீ போலப் பார்க்கும். வீட்டுக்குள் மிகவும் நெருக்கடி.

சரி, பூக்கள். தாவரவியல் பூந்தோட்டத்துக்குப் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. 1981 முதல் தேசிய மலராக இருக்கும் வாண்டா மிஸ் ஜோக்கிம் ஏறக்குறைய 5 செ.மீ. அகலம். பாதி அளவு மேக்ரோவுக்கென்றே பூத்ததுபோல ஃபிரேமை நிறைத்துவிடும். ஆனால் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் 5 மி.மீ. சிலந்தி, ஃபிரேம் அகலத்தில் 14இல் ஒரு பங்குதான் வரும். அதன் கண்களைப் பார்க்க 1.4 மடங்குவரை பெருக்கும் ஆர்எஃப் 100மிமீ எஃப்/2.8 எல் மேக்ரோ பக்கம்தான் போக வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தை மறந்துவிடக் கூடாது. இதற்கு மழைத் தடுப்பு கிடையாது, கிட்டே ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி வெளியே நீளும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனித்துப்போகும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டு அப்புறம் திறங்கள். வீட்டில் ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் இல்லாமல் லென்ஸ் வாங்கவே வேண்டாம் என்பேன். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்ததால் என் லென்ஸில் இன்றுவரை பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் கைப்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரி பூஞ்சை இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு உங்கள் மோதிரத்தைக் கழற்றிக் கடை மேசையில் வைத்து, 35 செ.மீ.க்கு நெருங்கி எடுத்து, கேமராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பக்க வெளிச்சத்தைத் தடுக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் பெட்டியோடு வராது; விற்பவரிடம் இருந்தால் சேர்த்தே கேளுங்கள்.